அரிமான வேகத்தை அளக்க எந்தச் சோதனை? எடையிழப்பு, டாஃபெல், நேரியல் முனைவாக்கம், மின்மறுப்பு: ஓர் ஒப்பீடு

உலோகத்தின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டின் மென்பொருளைத் திறந்தால் சோதனைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதை அழுத்தினாலும் ஒரு வளைகோடு வரும், அதன் அடியில் "அரிமான வேகம்" என்று ஓர் எண்ணும் வரும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எஃகுக்குப் பதிலாகப் பிளாட்டினத் துண்டைக் கலத்தில் வைத்தாலும் மென்பொருள் தயங்காமல் ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடும். ஆகவே எந்த முறை "சிறந்தது" என்று கேட்பதில் பயனில்லை. நம் உலோகம், நம் கரைசல், நம் கேள்வி மூன்றுக்கும் முன்னால் எந்த முறையின் அனுமானங்கள் உடையாமல் நிற்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

கேள்வி என்ன? ஒரு மாதத்தின் சராசரித் தேய்மானம் வேண்டுமா, இந்தக் கணத்தின் வேகமா, குழி விழுமா விழாதா என்பதா, பூச்சு எப்போது தோற்கும் என்பதா? இவை நான்கும் வேறுவேறு கேள்விகள். ஒரே சோதனை நான்குக்கும் விடை தராது.

மாதிரி எவ்வளவு தொந்தரவைத் தாங்கும்? திறந்த சுற்று மின்னழுத்தத்திலிருந்து (வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் செலுத்தாதபோது உலோகம் தானாகக் காட்டும் மின்னழுத்தம்) 10 மில்லிவோல்ட் நகர்த்தினால் மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 250 மில்லிவோல்ட் நகர்த்தினால் திரும்பாது. நாளையும் அதே துண்டை அளக்க வேண்டுமென்றால் தேர்வு பாதியாகச் சுருங்கிவிடும்.

கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்தும்? 3.5 சதவீத உப்புக் கரைசலின் தன்மின்தடை ஏறத்தாழ 20 ஓம்–செ.மீ. சாதாரணக் குழாய் நீருக்கு இதுபோல நூறு மடங்கு இருக்கலாம். உப்பு நீரில் கண்ணில் படாத பிழை குழாய் நீரில் முடிவையே புரட்டிப்போடும்.

மாதிரி நிலையாக இருக்கிறதா? அளந்து முடிப்பதற்குள் மேற்பரப்பு மாறிக்கொண்டிருந்தால், கோட்டின் ஒரு முனை ஒரு உலோகத்தையும் மறுமுனை வேறொன்றையும் காட்டுகிறது என்றுதான் பொருள்.

எண்ணுக்குப் பின்னால் எத்தனை அனுமானம்? மின்வேதி முறைகள் எதுவும் அரிமானத்தை நேரடியாக அளப்பதில்லை. மின்னோட்டத்தையோ மின்தடையையோ அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகின்றன. இடையில் எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் யார் எந்த எண்ணை இட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| முறை | தருவது | மின்னழுத்த நகர்வு | எடுக்கும் நேரம் | மறைந்திருக்கும் செலவு | பொருந்தாத இடம் |
|---|---|---|---|---|---|
| எடையிழப்பு | சராசரி வேகம் | இல்லை | நாட்கள், வாரங்கள் | துப்புரவு, வெற்றுத் தகட்டுத் திருத்தம் | மிக மெதுவான அரிமானம், குழி |
| டாஃபெல் | கணத்தின் வேகம், சரிவுகள் | ±250 மில்லிவோல்ட் | சுமார் 50 நிமிடம் | ஒவ்வோர் அளவுக்கும் புதுத் துண்டு | செயலற்ற படலம் (உலோகத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு), ஆக்சிஜன் விரவல் ஆட்சி |
| நேரியல் முனைவாக்கம் | முனைவாக்க மின்தடை | ±10 முதல் ±30 மில்லிவோல்ட் | 2 முதல் 6 நிமிடம் | மாறிலியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் | மின்தடை மிகுந்த நீர் |
| மின்மறுப்பு | மின்தடை, மின்தேக்குதிறன், கரைசல் தடை | ±10 மில்லிவோல்ட் | 10 நிமிடம் முதல் 2 மணி | பொருள்கொள்ளும் உழைப்பு | நிலையற்ற மாதிரி |
| சுழல் முனைவாக்கம் | குழி விழும் மின்னழுத்தம், மீள்மூடல் | நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் | 1 முதல் 3 மணி | பல பிரதிகள் | சீரான அரிமானம் |

அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டாம். கடைசி இரண்டு நிரல்களில்தான் கதையே இருக்கிறது.

## எந்த முறைக்கும் முன்னால்: துண்டைத் தயார்செய்தல்

முறையைத் தேர்வதற்கு ஆகும் நேரத்தில் பாதியைத் துண்டின் ஓரத்துக்குச் செலவிட்டால் நல்லது. பிசினில் பதித்த மாதிரியில், பிசின் இறுகும்போது சற்றுச் சுருங்கி, உலோகத்துக்கும் பிசினுக்கும் இடையே மயிரிழை அளவு இடுக்கு விழும். துருவேறா எஃகை இப்படிச் சோதித்தால் வளைகோட்டில் "குழி" தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுப்பரப்பு கண்ணாடிபோலப் பளபளக்கும், ஓரத்தைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் இருக்கும். அளந்தது குழி அரிமானத்தை அல்ல, நாமே உண்டாக்கிய இடுக்கு அரிமானத்தை. பதிப்பதற்கு முன் பக்கவாட்டில் அரக்குப் பூச்சு இட்டு உலரவிடலாம். அல்லது ஓரத்தில் வாலைவடி நீர் மெல்லக் கசியும்படி அமைத்த அவெஸ்டா வகைக் கலத்தைப் பயன்படுத்தலாம்.

உப்புத்தாளில் 240-இல் தொடங்கி 600 வரை ஈரமாகத் தேய்த்து, நீரில் அலசி, எத்தனாலில் துடைத்து, தேய்த்த ஒரு மணி நேரத்துக்குள் கரைசலில் இறக்குங்கள். பரப்பளவைத் தேய்த்த பிறகு அளங்கள். பரப்பு 10 சதவீதம் தவறினால் வேகமும் 10 சதவீதம் தவறும், இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்முனையைப் பதிவேட்டில் பெயரோடு எழுதிவையுங்கள். பூரித கேலமல் மின்முனைக்கும் பூரித வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனைக்கும் சுமார் 45 மில்லிவோல்ட் வித்தியாசம். குளோரைடு இல்லாத கரைசலில் குழி அரிமானம் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் நேரடியாக இறக்கக் கூடாது. மின்முனையிலிருந்து கசியும் பொட்டாசியம் குளோரைடே குழியைத் தொடங்கிவைத்துவிடும். உப்புப் பாலம் வையுங்கள், அல்லது மெர்குரஸ் சல்பேட் மின்முனைக்கு மாறுங்கள்.

பிறகு திறந்த சுற்று மின்னழுத்தத்தை ஒரு மணி நேரமாவது பதியுங்கள். கோடு இன்னும் நிமிடத்துக்கு ஒரு மில்லிவோல்ட் வீதம் நகர்ந்துகொண்டிருந்தால் பொறுத்திருங்கள். இதைச் சலிப்பூட்டும் சடங்கு என்று பலர் பத்து நிமிடத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். "தரவு ஏன் ஒத்துப்போகவில்லை" என்ற கேள்விகளில் பெரும்பாலானவை பிறப்பது அங்கேதான்.

## எடையிழப்பு: மெதுவானது, ஆனால் நீதிபதி

மின்வேதிச் சோதனைகளை ஒப்பிடும் கட்டுரையில் தராசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மற்ற எல்லா முறைகளும் கடைசியில் இதன் முன்னால்தான் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. உலோகம் எவ்வளவு போனது என்பதை நேரடியாகச் சொல்வது தராசு மட்டுமே.

கணக்கு எளிது. 20 சதுர செ.மீ. பரப்புள்ள மென் எஃகுத் தகடு ஆண்டுக்கு 0.1 மி.மீ. வீதம் அரித்தால், ஏழு நாளில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் இழக்கும். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசுக்கு இது தாராளம். அதே தகடு ஆண்டுக்கு 0.001 மி.மீ. மட்டும் அரித்தால் இழப்பு 0.3 மில்லிகிராம். துருவைக் களையும் அமிலமே அந்த அளவு உலோகத்தைக் கரைத்துவிடும், எண்ணுக்குப் பொருளில்லாமல் போகும். சோதனைக் காலத்துக்கு ஏஎஸ்டிஎம் தர நிர்ணய அமைப்பின் ஜி31 ஆவணம் ஒரு எளிய விதி தருகிறது: 50-ஐ எதிர்பார்க்கும் வேகத்தால் (மி.மீ./ஆண்டு) வகுத்தால் வருவது மணிக்கணக்கு. 0.1 மி.மீ. வேகத்துக்கு 500 மணி, அதாவது மூன்று வாரம். கரைசல் ஒரு சதுர செ.மீ.க்குக் குறைந்தது 20 மில்லிலிட்டர் இருக்கட்டும். குறைந்தால் கரைந்த இரும்பும் தீர்ந்துபோகும் தடுப்பானும் (அரிமானத்தைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்) கரைசலையே மாற்றிவிடும்.

மறைந்திருக்கும் செலவு துப்புரவில் இருக்கிறது. எஃகுக்குப் பழகிப்போன கலவை: ஒரு லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 கிராம் ஆண்டிமனி ட்ரைஆக்சைடு, 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடு. புகைக்கூண்டுக்குள் கலக்க வேண்டியது, ஆண்டிமனி நச்சு என்பதால் கழிவையும் தனியே சேர்க்க வேண்டும். அரிக்காத ஒரு வெற்றுத் தகட்டையும் அதே நேரம் அதே கலவையில் முக்கி, அது இழந்த எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் குறைந்த வேகங்களெல்லாம் கூடுதலாகவே வரும்.

குழி விழும் உலோகத்துக்கு எடையிழப்பு ஏமாற்று. சில மில்லிகிராம் மட்டும் இழந்த தகட்டில் ஊடுருவிய துளை இருக்கலாம். சராசரி எண் அதை மறைத்துவிடும்.

இதுவே சரி: சீரான அரிமானம், காத்திருக்க நேரமுண்டு, மற்ற முறையொன்றை உரைத்துப் பார்க்க வேண்டும்.

## டாஃபெல் நீட்சி: எல்லோரும் போடுவது, பலருக்குப் பொருந்தாதது

யூலியஸ் டாஃபெல் 1905-இல் கண்ட உறவு இதன் அடிப்படை. மின்னழுத்தம் நேராக நகர, மின்னோட்டத்தின் மடக்கை நேர்கோட்டில் நகரும். மின்னோட்டம் பத்து மடங்காக எத்தனை மில்லிவோல்ட் நகர வேண்டும் என்பதே டாஃபெல் சரிவு. ஆனோடு, கேத்தோடு இரு கோடுகளையும் அரிமான மின்னழுத்தம் (திறந்த சுற்று மின்னழுத்தமேதான்) வரை பின்னோக்கி நீட்டினால் சந்திக்கும் இடம் அரிமான மின்னோட்டம். வழக்கமாக −250-இல் தொடங்கி +250 மில்லிவோல்ட் வரை, நொடிக்கு 0.167 மில்லிவோல்ட். மொத்தம் 50 நிமிடம்.

நீட்டுவதற்கு நேர்கோடு இருக்க வேண்டும். மின்னோட்டம் பத்து மடங்கு மாறும் வரையாவது நேராக ஓடாத பகுதியில் அளவுகோலை வைப்பது கண்ணளவு வேலை. ஒரே வளைகோட்டில் இரண்டு பேர் கோடு போட்டால் மும்மடங்கு வித்தியாசம் வருவது சர்வசாதாரணம்.

இந்த நிபந்தனை நன்றாக நிறைவேறும் இடம் காற்று நீக்கிய அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென் எஃகு என்றால் கேத்தோடில் நடப்பது ஹைட்ரஜன் வெளியேற்றம் ஒன்றே, அந்தக் கோடு அழகாக நேராக விழும். கரிமத் தடுப்பான்களை ஒப்பிடவும் இது ஏற்றது. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ஆனோடுப் பக்கம் மேலே போகும்போது மேற்பரப்பில் ஒட்டியிருந்த தடுப்பான் மூலக்கூறுகள் உதிரத் தொடங்கி, கோடு திடீரென வளையும். அந்த வளைவுக்கு மேலே உள்ள பகுதியைக் கணக்கில் சேர்த்தால் தடுப்பானின் திறன் தவறாகத் தெரியும். கேத்தோடுக் கோட்டை மட்டும் நீட்டுவதே நல்லது.

நடுநிலை உப்பு நீர் வேறு கதை. கேத்தோடில் கரைந்த ஆக்சிஜன் ஒடுக்கமடைகிறது, அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் நீரில் விரவி வந்துசேரும் வேகம். லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜனும், அசையாத நீரில் அரை மில்லிமீட்டர் விரவல் அடுக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், உச்ச மின்னோட்டம் சதுர செ.மீ.க்கு சுமார் 40 மைக்ரோஆம்பியர். அதற்குமேல் மின்னழுத்தத்தை எவ்வளவு இழுத்தாலும் மின்னோட்டம் கூடாது, கோடு செங்குத்தாக நின்றுவிடும். அதில் டாஃபெல் சரிவு தேடினால் பத்து மடங்குக்கு 400, 600 மில்லிவோல்ட் என்று அபத்தமான எண்கள் வரும். அப்படி வந்தால் இது டாஃபெல் பகுதி அல்ல என்று வளைகோடே சொல்லிவிட்டது, அச்சிட்டுக் கட்டுரையில் போடக் கூடாது.

அலுமினியம் இன்னும் மோசம். காற்றுள்ள உப்பு நீரில் அதன் திறந்த சுற்று மின்னழுத்தமே குழி விழும் மின்னழுத்தத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனோடுப் பக்கம் ஒரு மில்லிவோல்ட் நகர்ந்தாலும் மின்னோட்டம் செங்குத்தாகப் பாயும், நீட்ட அங்கே கோடே இல்லை. மெக்னீசியத்தில் ஆனோடுப் பக்கம் போகப் போக ஹைட்ரஜன் வெளியேற்றம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அதனால் டாஃபெல் தரும் வேகம் எடையிழப்பு வேகத்தை விடப் பல மடங்கு குறைவாக வரலாம்.

ஸ்கேன் வேகத்தைக் கூட்டி நேரம் மிச்சம் பிடிக்கும் ஆசை வரும். மேற்பரப்பில் மின்தேக்கிபோல மின்னூட்டம் சேரும் இரட்டை அடுக்குக்கு சதுர செ.மீ.க்கு 50 மைக்ரோஃபாரட் மின்தேக்குதிறன் என்று கொண்டால், நொடிக்கு 0.167 மில்லிவோல்ட் வேகத்தில் அதை மின்னேற்ற ஆகும் மின்னோட்டம் 0.008 மைக்ரோஆம்பியர், பொருட்படுத்த வேண்டாம். நொடிக்கு 5 மில்லிவோல்ட் என்றால் 0.25 மைக்ரோஆம்பியர். அரிமான மின்னோட்டமே 0.1 மைக்ரோஆம்பியர் உள்ள துருவேறா எஃகில், அளந்தது அரிமானத்தை அல்ல, மின்தேக்கியை.

இதுவே சரி: அமிலம், மின்கடத்தல் மிகுந்த கரைசல், சரிவுகளின் மதிப்பு தேவை, துண்டை இழப்பதில் கவலையில்லை.

## நேரியல் முனைவாக்கம்: தினசரி வேலைக்கு

அரிமான மின்னழுத்தத்தைச் சுற்றிச் சில மில்லிவோல்ட் தூரத்தில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட நேர்கோடு. அதன் சரிவே முனைவாக்க மின்தடை. 1957-இல் ஸ்டெர்னும் ஜியரியும் தந்த சமன்பாட்டின்படி, ஒரு மாறிலியை இந்தத் தடையால் வகுத்தால் அரிமான மின்னோட்டம். இரு டாஃபெல் சரிவுகளும் 120 மில்லிவோல்ட் என்றால் மாறிலி 26 மில்லிவோல்ட்.

எடுத்துக்காட்டாக, உப்பு நீரில் எஃகின் முனைவாக்க மின்தடை 1,300 ஓம்–செ.மீ² என்று வைத்துக்கொள்வோம். 26 மில்லிவோல்ட்டை 1,300-ஆல் வகுத்தால் 20 மைக்ரோஆம்பியர்/செ.மீ². இரும்புக்கு ஒரு மைக்ரோஆம்பியர் என்பது ஆண்டுக்கு 0.0116 மி.மீ. ஆகவே வேகம் ஆண்டுக்கு 0.23 மி.மீ. இந்த மாற்றெண் உலோகத்துக்கு உலோகம் மாறும்: துத்தநாகத்துக்கு 0.015, அலுமினியத்துக்கு 0.0109. தாமிரத்தில் கவனம் தேவை. இரண்டு எலக்ட்ரான் இழந்தால் 0.0116, குளோரைடு நீரில் ஒரு எலக்ட்ரான் மட்டும் இழந்து கரைந்தால் 0.0232. மென்பொருளில் இணைதிறனை மாற்ற மறந்தால் விடை சரிபாதியாகிவிடும்.

முறையின் பலம் வேகமும் மென்மையும். ±10 மில்லிவோல்ட் ஸ்கேனுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரே துண்டை மணிக்கொருமுறை ஒரு மாதம் அளக்கலாம், தடுப்பானைச் சேர்த்த கணத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஓடும் குழாயில் வைத்து அளக்கும் கருவிகளில் பலவும் இந்த அடிப்படையில் இயங்குவதற்குக் காரணம் அதுதான்.

பலவீனம் மூன்று. முதலாவது அந்த மாறிலி. உண்மைச் சரிவுகளைப் பொறுத்து அது 13-லிருந்து 52 வரை போகலாம். கான்கிரீட்டுக்குள் செயலற்ற நிலையில் இருக்கும் கம்பிக்கு 52-ம், அரிக்கும் கம்பிக்கு 26-ம் இடுவது வழக்கம். எதைப் போட்டோம் என்று எழுதாத முடிவில் இருமடங்குப் பிழை ஒளிந்திருக்கலாம். தடுப்பான் உள்ளது, இல்லாதது என்று ஒப்பீடு மட்டும் வேண்டுமென்றால் பெரும்பாலும் இது பாதிக்காது. தனி எண்ணே முடிவு என்றால் பாதிக்கும்.

இரண்டாவது, கரைசலின் தடை அப்படியே விடையில் சேர்ந்துகொள்ளும். உண்மையான முனைவாக்க மின்தடை 5,000 ஓம், கரைசல் தடை 2,000 ஓம் என்றால் கருவி 7,000 காட்டும். வேகம் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைவாகத் தெரியும். இந்தப் பிழை ஆபத்தான பக்கத்தில் விழுகிறது: அரிக்கும் குழாயை நலமாக இருப்பதாகக் காட்டும். ஒப்பீட்டு மின்முனையைக் கரைசலோடு இணைக்கும் லக்கின் நுண்குழாயின் முனையை அதன் விட்டத்தைப்போல இருமடங்கு தூரம் வரை மேற்பரப்புக்கு அருகே கொண்டுவரலாம். அதைவிட நெருங்கினால் அந்த இடத்தை மறைத்துவிடும். எஞ்சியதைத் திருத்த மின்மறுப்புதான் கைகொடுக்கும்.

மூன்றாவது, மேற்பரப்பில் வேறு ஆக்சிஜனேற்ற–ஒடுக்க வினை ஓடினால் அதையும் அரிமானம் என்று எண்ணிவிடும். தொடக்கத்தில் சொன்ன பிளாட்டினம் இங்கேதான் "அரிக்கிறது". ஃபெர்ரோ, ஃபெர்ரி சயனைடு கலந்த கரைசலில் வைத்தால் முனைவாக்க மின்தடை சரிந்துபோகும். சல்ஃபைடு, உயிர்ப்படலம் உள்ள நீரில் எஃகுக்கும் இதே சந்தேகம் உண்டு.

இதுவே சரி: காலப்போக்கில் வேகம் எப்படி மாறுகிறது என்ற கேள்வி, உப்போ அமிலமோ உள்ள கரைசல், சீரான அரிமானம்.

## மின்மறுப்பு: அதிகம் சொல்லும், அதிகம் கேட்கும்

10 மில்லிவோல்ட் வீச்சுள்ள சைன் அலையை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 மில்லிஹெர்ட்ஸ் வரை இறக்கி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மின்னோட்டம் எவ்வளவு, எவ்வளவு பின்தங்கியது என்று பார்ப்பது இது. உயர் அதிர்வெண்ணில் கரைசல் தடை தனியே நிற்கும், தாழ் அதிர்வெண்ணில் மேற்பரப்பின் தடையும் சேரும். இரண்டையும் பிரித்துக் காட்டும் திறமைக்காகவே குழாய் நீர், கான்கிரீட், எண்ணெய் கலந்த நீர் ஆகியவற்றுக்கு இதைத் தேர்வார்கள்.

பூச்சுகளுக்கு மற்ற முறைகள் நெருங்கவே முடியாது. 50 மைக்ரோமீட்டர் தடிமனும் 4 என்ற மின்கடவா மாறிலியும் உள்ள பூச்சின் மின்தேக்குதிறன் சதுர செ.மீ.க்கு சுமார் 70 பிக்கோஃபாரட். நீரின் மின்கடவா மாறிலி 80-ஐ ஒட்டியது. ஆகவே பூச்சுக்குள் சிறிது நீர் புகுந்தாலும், கண்ணுக்குக் கொப்புளம் தெரிவதற்கு வெகுமுன்பே மின்தேக்குதிறன் ஏறத் தொடங்கும். ஆனால் நல்ல பூச்சில் 1,000 கோடி ஓம் தடைக்கு 10 மில்லிவோல்ட் கொடுத்தால் ஓடுவது ஒரு பிக்கோஆம்பியர்தான். உலோகக் கூண்டு இல்லாமல் அளந்தால் பதிவாவது சுவரில் ஓடும் மின்கம்பியின் இரைச்சல். பரப்பைப் பெரிதாக்குங்கள், வீச்சை 20, 30 மில்லிவோல்ட்டுக்கு உயர்த்துங்கள், முதலில் மதிப்பு தெரிந்த மின்தடை, மின்தேக்கிகளாலான போலிக் கலம் ஒன்றை அளந்து கருவியின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் இங்கே மறைமுகச் செலவு. பத்து மடங்குக்குப் பத்துப் புள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரே சுழற்சி என்றாலும் 10 மில்லிஹெர்ட்ஸ் வரை 8 நிமிடம், 1 மில்லிஹெர்ட்ஸ் வரை 80 நிமிடம். செயலற்ற உலோகத்தில் தடை 10 லட்சம் ஓம், மின்தேக்குதிறன் 50 மைக்ரோஃபாரட் என்றால் மின்மறுப்பு வரைபடத்தில் விழும் அரைவட்டத்தின் உச்சமே 3 மில்லிஹெர்ட்ஸில்தான் வரும். 10-இல் நிறுத்தினால் கையில் இருப்பது அரைவட்டத்தின் முதல் கால்வாசி. மீதியை மென்பொருள் ஊகிக்கிறது. அந்த 80 நிமிடத்தில் மாதிரி மாறினால் தாழ் அதிர்வெண் புள்ளிகள் வால் சுருட்டும். அதை இண்டக்டன்ஸ் (கம்பிச்சுருளின் தன்மை) என்று பெயரிட்டு, மேற்பரப்புக்கு ஈடாக வரையும் மின்சுற்றில் ஒரு சுருளைச் சேர்ப்பது நடப்பதுதான். முதலில், அளக்கும்போது மாதிரி நிலையாக இருந்ததா என்று தரவிலிருந்தே காட்டும் கிராமர்ஸ்–க்ரோனிக் சோதனை போட்டுப் பாருங்கள். அதில் தேறாத தரவுக்கு எந்தச் சுற்றும் பொருத்த வேண்டாம்.

சுற்றுப் பொருத்தம் பற்றி ஒரே எச்சரிக்கை: ஐந்து உறுப்புகள் போட்டால் யானையின் உருவத்தையும் பொருத்திவிடலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் மேற்பரப்பில் உள்ள ஏதாவது ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள். பொருத்தப் பிழை குறைந்தது என்பது ஒரு காரணமே அல்ல. இன்னொன்று, தடையை அரிமான வேகமாக மாற்றக் கடைசியில் இங்கும் ஸ்டெர்ன்–ஜியரி மாறிலிதான் தேவை. மின்மறுப்பு போட்டதால் அந்த அனுமானத்திலிருந்து தப்பிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு, தப்பவில்லை.

இதுவே சரி: பூச்சு, மின்தடை மிகுந்த நீர், தடுப்பான் படலம் எப்படி வளர்கிறது என்ற கேள்வி. தடை குறைந்த அமிலத்தில் வெறும் வேகம் மட்டும் போதும் என்றால் இத்தனை பாடு வேண்டாம்.

## சுழல் முனைவாக்கம்: குழி பற்றிய கேள்விக்கு மட்டும்

துருவேறா எஃகின் சராசரி வேகத்தைக் கேட்பதில் பொருளில்லை, குழி விழுமா என்பதே கேள்வி. மின்னழுத்தத்தை நொடிக்கு 0.167 மில்லிவோல்ட் வீதம் ஏற்றி, மின்னோட்டம் திடீரென ஏறிய பிறகு திருப்பி இறக்குவது ஏஎஸ்டிஎம் ஜி61-இன் வழி. ஏறும் இடம் குழி விழும் மின்னழுத்தம், இறங்கும் கோடு பழைய கோட்டைச் சந்திக்கும் இடம் மீள்மூடல் மின்னழுத்தம், அங்கே குழிகள் வளர்வதை நிறுத்தி மீண்டும் படலம் மூடும்.

முதல் எண்ணை நம்பி வடிவமைப்பில் இறங்காதீர்கள். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளிலேயே அது 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் சிதறும், ஸ்கேனை வேகப்படுத்தினால் உயர்ந்தும் தெரியும். குறைந்தது ஐந்து துண்டு வையுங்கள். மீள்மூடல் எண் சற்று நிதானமானது, ஆனால் எந்த மின்னோட்டத்தில் திருப்பினோம் என்பதைப் பொறுத்து அது மாறும். குழி ஆழமாக வளர்ந்தபின் திருப்பினால் எண் கீழே போகும். அந்த எல்லையை எழுதாமல் இருவர் தங்கள் முடிவுகளை ஒப்பிடுவது வீண்.

மின்னோட்டம் ஏறிவிட்டாலே குழி என்றும் முடிவுகட்ட வேண்டாம். இறங்கும் கோடு ஏறிய கோட்டின் மேலேயே திரும்பி வந்தால் அது ஆக்சிஜன் வெளியேற்றமோ குரோமியப் படலத்தின் கரைவோ ஆக இருக்கும். ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் இடையே அகலமான வளையம் விரிந்தால்தான் குழி. உயர் கலப்பு எஃகுகளில் அறை வெப்பநிலையில் குழியே விழாது. அவற்றுக்கு மின்னழுத்தத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றும் ஜி150 முறைக்குப் போய்விடலாம்.

மின்வேதி இரைச்சல் அளவீட்டைப் பற்றி இரண்டே வரி. எந்த மின்னழுத்தமும் செலுத்தாமல் இரண்டு ஒத்த மின்முனைகளின் இயல்பான ஏற்ற இறக்கத்தைக் கேட்பதால், குழி பிறந்து மடிவதை நேரலையில் பார்க்க முடியும். ஆனால் அதை அரிமான வேகமாக மாற்றும் கணக்கு இன்னும் சர்ச்சைக்குரியது, முதல் கருவியாக வாங்க வேண்டியதில்லை.

## நிலைமையை வைத்து முடிவெடுக்க

அமிலத்தில் எஃகு, தடுப்பான்கள் பத்தில் எது சிறந்தது என்று வரிசைப்படுத்த வேண்டும்: எல்லாவற்றுக்கும் நேரியல் முனைவாக்கம், அதில் முன்னணியில் வந்த மூன்றுக்கு மட்டும் டாஃபெல், அந்த மூன்றுக்கும் எடையிழப்பு.

குளிர்விப்பு நீரில் எஃகு, நீரின் தடை அதிகம்: தினமும் நேரியல் முனைவாக்கம், வாரம் ஒருமுறை மின்மறுப்பில் கரைசல் தடையை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். அதே தொட்டியில் எடையிழப்புத் தகடு தொங்கட்டும்.

வண்ணம் பூசிய தகடு: மின்மறுப்பு ஒன்றே. டாஃபெலைப் போட்டால் பூச்சையே துளைத்துவிடுவீர்கள்.

குளோரைடில் துருவேறா எஃகோ அலுமினியமோ: சுழல் முனைவாக்கம், கூடவே நுண்ணோக்கி. வேகம் என்று ஓர் எண்ணைக் கேட்பவரிடம் கேள்வியை மாற்றச் சொல்லுங்கள்.

மெக்னீசியம்: எடையிழப்பும் வெளிவரும் ஹைட்ரஜனின் கன அளவும். மின்வேதி எண் எதுவானாலும் இந்த இரண்டோடு ஒப்பிட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும்.

## ஒரே துண்டில் பல சோதனை என்றால்

வரிசை மாறக் கூடாது: திறந்த சுற்று ஒரு மணி நேரம், பிறகு மின்மறுப்பு, மின்னழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பப் பத்து நிமிடம், பிறகு நேரியல் முனைவாக்கம், மீண்டும் காத்திருப்பு, கடைசியில் டாஃபெல் அல்லது சுழல் முனைவாக்கம், இரண்டில் ஒன்று மட்டும். −250-இல் தொடங்கும் டாஃபெல் முதலில் மேற்பரப்பின் ஆக்சைடை ஒடுக்கிவிடும். அதன் பிறகு அதே துண்டில் எடுக்கும் எதுவும் புதிதாகத் தேய்த்த வேறொரு உலோகத்தைப் பற்றிய தரவுதான். டாஃபெல் வளைகோட்டின் கூர்முனை, முன்பு பதிந்த திறந்த சுற்று எண்ணைவிட 20, 30 மில்லிவோல்ட் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்தேக்கி மின்னேற்றமும் இந்த ஒடுக்கமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

மின்மறுப்பில் கிடைத்த தடையும் நேரியல் முனைவாக்கத்தில் கிடைத்த தடையும் (கரைசல் தடையைக் கழித்த பிறகு) 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் டாஃபெலுக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் மின்மறுப்பைப் போதிய தாழ் அதிர்வெண் வரை இறக்கவில்லை, அல்லது ஸ்கேன் நடந்த இரண்டு நிமிடத்தில் மின்னழுத்தம் இரண்டு மில்லிவோல்ட் நகர்ந்திருக்கிறது. 20 மில்லிவோல்ட் அகலமுள்ள ஸ்கேனில் அது ஒன்றே 10 சதவீதப் பிழை. துண்டை மாற்றாமல், திறந்த சுற்றுப் பதிவை இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் திரும்ப அளங்கள்.